யாருடைய சம்மதம்?

நகரத்தில் கார் ஓட்டுகிறவனை எது பஸ்ஸிலோ ரயிலிலோ சைக்கிளிலோ ஏற்றும் என்ற கேள்வி இதுவரை பொருளாதாரக்காரர்களுக்கும் போக்குவரத்துப் பொறியாளர்களுக்கும் உரியதாக இருந்துவந்திருக்கிறது. அவர்கள் அதைக் கட்டணம், நேரம், தூரம் என்று பிரித்துவைத்துக்கொண்டு விடை தேடுகிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேள்வி நம்மிடம் வந்து சேரும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. நாம் என்று நான் சொல்வது எழுதுகிறவர்களை, இதுபோன்ற பத்திரிகைகளைப் படிக்கிறவர்களை. நாம் அதை உடனே மனசாட்சியின் விவகாரமாக ஆக்கிவிடுகிறோம். காரில் போகிறவன் பிரக்ஞை இல்லாதவன். பஸ்ஸில் போகிறவன் பிரக்ஞை உள்ளவன். முன்னவனுக்குப் பிரக்ஞையை ஊட்டிவிட்டால் அவன் பின்னவனாகிவிடுவான். இந்த எண்ணம் தவறு என்பது ஒருபுறம் இருக்க, இதில் ஓர் அகங்காரமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையை வைத்துத்தான் என்னால் பேச முடியும். முப்பது வருஷங்களாக இந்த ஊரின் பஸ்களில் போய்வருகிறேன். பல்லவன் என்ற பெயர் போய் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர் நிலைத்ததைப் பார்த்தவன். இதை ஒரு தகுதியாகச் சொல்லவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கண்பார்வையும் போதாது. ஆகவே நான் பஸ்ஸில் போவதில் தார்மிகம் ஏதுமில்லை. இந்த ஊரில் பஸ்ஸில் போகிற பெரும்பாலோர் நிலையும் இதுதான். அவர்கள் பஸ்ஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, பஸ்தான் இருந்தது. தேர்வு என்ற சொல்லை நாம் ஸார்த்தரிடமிருந்து எடுத்து, எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் காலை எட்டரை மணிக்கு அந்தச் சொல்லுக்கு ஏற இடம் கிடைக்காது.

என் நண்பர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், சில வருஷங்களுக்கு முன் கார் வாங்கினார். அதற்கு முன் அவரிடம் ஸ்கூட்டர் இருந்தது. அதற்கும் முன் என்னைப்போல பஸ். கேலி செய்யும் உத்தேசத்தோடுதான் அவரைப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போவதுகூடத் தனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை என்றார். தாங்க முடியாமல் போனது காத்திருப்பு. பத்து நிமிஷத்தில் வருமா நாற்பது நிமிஷத்தில் வருமா என்று தெரியாமல், நிழல் இல்லாத ஒரு ஸ்டாப்பில், மே மாதத்து வெயிலில், கழுத்தை ஒரே பக்கம் திருப்பியபடி நிற்பது. வருகிற பஸ் ஸ்டாப்பில் நிற்காது. முப்பது அடி தள்ளிப் போய் நிற்கும். எல்லோரும் ஓடுவார்கள். 'அம்பத்தெட்டு வயசுல நான் ஓடணுமா?' என்றார்.

அவர் சொன்னதில் நான் மறுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. சௌகரியத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் கார்க்காரனைச் சௌகரியத்துக்கு அடிமையானவன் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சௌகரியத்தை விட்டுக்கொடு என்று ஒருவரிடம் கேட்கலாம். மதிப்பை விட்டுக்கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? இப்போது பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதைக் கைபேசியில் பார்க்க முடிகிறது. பஸ் அதனால் சீக்கிரம் வந்துவிடுவதில்லை என்றாலும், தெரியாமல் நிற்பதன் சிறுமை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓட்டம் குறையவில்லை.

ஸ்கூட்டர் வாங்குகிற பெண்ணின் காரணம் இதைவிடப் பலமானது. கூட்டத்தில் தன் உடம்பின்மீது வந்து படும் கைகளிலிருந்து, இரவு ஒன்பதரை மணிக்கு ஸ்டாப்பில் தனியாக நிற்பதிலிருந்து, ஒரு அண்ணனையோ கணவனையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதிலிருந்து அவள் விலை கொடுத்து விடுபட்டிருக்கிறாள். அவளிடம் போய்ப் பெட்ரோலைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். குவாரிக் கூலிகள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், அங்கன்வாடிப் பெண்கள். கேலி செய்த ஊர்களின் நடுவேதான் ஓட்டினார்கள். அந்தச் சைக்கிளுக்கும் இந்த ஸ்கூட்டருக்கும் அர்த்தம் ஒன்றுதான்: பிறர் தயவில்லாமல் போய்வருவது. வாகனத்தைத் தீமையின் சின்னமாகப் பார்க்கும் விமர்சனம் இந்த அர்த்தத்தைத் தொடாமலே போய்விடுகிறது.

ஆக, ஒவ்வொருவரிடமும் காரணம் இருக்கிறது, காரணம் நியாயமானதாகவும் இருக்கிறது. எல்லா நியாயங்களும் சேர்ந்து அண்ணா சாலையில் அசையாமல் நிற்கின்றன. எனக்கு இந்தப் பிரச்னையில் மிகவும் ஆர்வமூட்டுவது இந்த இடம். கூட்டுத்தொகையின் தவறை எந்த உறுப்பிலும் காட்ட முடிவதில்லை. 1973இல் ஆந்த்ரே கோர்ஸ் காரைக் கடற்கரை மாளிகையோடு ஒப்பிட்டு எழுதினார். சிலரிடம் மட்டும் இருக்கும்வரை அதற்கு மதிப்பு. எல்லோருக்கும் கிடைத்தால் கடற்கரையும் இருக்காது, மாளிகையும் இருக்காது. ஏறத்தாழ அதே சமயத்தில் இவான் இல்லிச் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கன் ஒருவன் காருக்காகச் செலவிடும் நேரம் முழுவதையும் – ஓட்டுவது, நிறுத்த இடம் தேடுவது, அதன் தவணைக்காகவும் பெட்ரோலுக்காகவும் வேலை செய்வது – கூட்டினால் வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு மேல். அவன் போகும் தூரம் 7,500 மைல். மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. இந்தக் கணக்கை நண்பரிடம் சொன்னேன். ரசித்தார். பிறகு தன் காரில் என்னைத் திருவல்லிக்கேணி வரை கொண்டுபோய் விட்டார். கணக்குகள் புத்திக்குப் படுகின்றன. புத்தி வண்டி ஓட்டுவதில்லை.

ஸார்த்தரைக் கொஞ்சம் முன்னால் சாடையாகச் சொன்னேன். அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். 1960இல் வந்த தர்க்கவியல் பற்றிய பெரிய நூலில் அவர் ஒரு பஸ் வரிசையை எடுத்துக்கொள்கிறார். பாரிஸில், ஸான் ஜெர்மானில், பஸ்ஸுக்காக நிற்பவர்கள். அவர்களை ஒன்றுசேர்ப்பது எதிரே இல்லாத ஒரு பஸ் மட்டும். இடங்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவனும் மற்றவனுக்கு உபரி. அது கூட்டமும் அல்ல, குழுவும் அல்ல, எண்ணிக்கை மட்டுமே. பஸ் வரிசைக்கு இது பொருந்துகிறதோ இல்லையோ, சிக்னலில் நிற்கும் கார்களுக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நேரமானால் பேச ஆரம்பிக்கிறார்கள். 'அஞ்சு பி போயிடுச்சாம்மா?' என்று ஒரு கேள்வியிலாவது தொடங்குகிறார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 'டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்' என்று போனில் சொல்கிறான். டிராஃபிக் என்பது அவனுக்கு வெளியே, பிறரால் ஆனது. அவனுக்குப் பின்னால் இருப்பவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தனித்தனியாக யாரையும் பிடித்து இந்த நிலையிலிருந்து வெளியே இழுக்க முடியாது என்பது சாதாரண அறிவுக்கே தெரியும். நண்பர் நாளை காரை விற்றுவிட்டு பஸ்ஸுக்கு வந்தால் சாலையில் ஏழு சதுர மீட்டர் காலியாகும். அரை நிமிஷத்தில் இன்னொருவன் அதில் வந்து நிற்பான். அவருக்கு மிஞ்சுவது ஓட்டமும் ஒரு தியாக உணர்வும். தியாக உணர்வை வைத்துக்கொண்டு அவர் என்னென்ன கவிதை எழுதுவார் என்று நினைத்தால் கார் இருப்பதே மேல் என்று தோன்றுகிறது.

ஸ்டாக்ஹோமில் நடந்தது நம் சூழலில் அதிகம் பேசப்படாதது. 2006 ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஒரு பரிசோதனையாக, நகரின் மையப் பகுதிக்குள் போகும், வெளியேறும் கார்களிடம் கட்டணம் வாங்கினார்கள். பெரிய தொகை அல்ல. நேரத்தைப் பொறுத்து ஒரு தடவைக்கு 10 முதல் 20 குரோனர். ஆரம்பத்தில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அந்த எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை முடிந்து கட்டணம் நின்றதும் பெரும்பகுதி திரும்பிவந்தது. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நகரவாசிகள் குறுகிய பெரும்பான்மையில் கட்டணம் வேண்டும் என்றார்கள். வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற ஊர்கள் வேண்டாம் என்றன. 2007 ஆகஸ்டில் நிரந்தரமாயிற்று. பிறகு ஆதரவு ஏறிக்கொண்டே போனது.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதற்குப் பிறகு வருவது. அந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்களில் ஒருவரான யோனாஸ் எலியாஸன் பின்னால் சொல்லியிருக்கிறார்: சாலையிலிருந்து மறைந்துபோனவர்களைத் தேடிப் போய்க் கேட்டபோது, தாங்கள் எதையும் மாற்றிக்கொண்டதாகவே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. முன்போலவே போய்வருவதாக நினைத்தார்கள். கட்டணத்தைப் பற்றிய கருத்தை மாற்றிக்கொண்டவர்களிலும் பலர், ஆரம்பத்திலிருந்தே தாம் ஆதரித்ததாக நம்பினார்கள்.

இணங்கவைப்பது எது என்ற கேள்விக்கு இது கொடுக்கும் விடை நமக்கு உவப்பானதல்ல. அவர்கள் இணங்கவில்லை, வாதிக்கவில்லை, மனம் திரும்பவில்லை. சூழ்நிலை சற்றே சரிந்தது. தண்ணீர்போல அவர்கள் வேறு பக்கம் ஓடினார்கள். முதலில் மனம் மாற வேண்டும், பிறகு வாழ்க்கை மாறும் என்பது நம்முடைய ஆதாரமான நம்பிக்கை. ஒரு கதை, ஒரு கவிதை, ஒரு விமர்சனம் மனிதனை உள்ளிருந்து திருப்பும் என்று நம்பாவிட்டால் நானூறு பிரதிகள் அச்சடிக்கும் பத்திரிகைக்கு எதற்குக் கைக்காசு போடுகிறோம்? ஸ்டாக்ஹோமின் கார்க்காரர்களைக் கேட்டால் உள்ளே ஒன்றும் திரும்பவேயில்லை. அவர்கள் காரில் போனதும் ஒரு முடிவாக இருந்ததில்லை என்பதுதான் இதன் மறுபக்கம். முடிவே செய்யாத ஒன்றிலிருந்து ஒருவனை முடிவு செய்து விலகச் சொல்வது வீண்வேலை.

இப்படிச் சொன்னால் உடனே ஒரு ஆட்சேபம் எழும். அது நியாயமான ஆட்சேபம். சூழ்நிலையைச் சரித்து மனிதர்களை நகர்த்துவது என்றால் மனிதர்கள் என்ன, ஆடுமாடுகளா? சரிப்பவர்கள் யார்? 1976இல் தில்லியின் துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்ததும் நகரத்தை ஒழுங்காக்கும் பெயரில்தான். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல முடிகிறது. ஸ்டாக்ஹோமில் ஏழு மாதம் வாழ்ந்து பார்க்கச் செய்தார்கள், நிறுத்தினார்கள், பிறகு கேட்டார்கள். சம்மதம் முன்னால் வரவில்லை, ஆனால் வந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடிந்திருக்கும். தனியாகக் காரை விடுவாயா என்று ஒருவனைக் கேட்பது ஒரு கேள்வி. எல்லோருடைய காருக்கும், உன்னுடையதற்கும் சேர்த்து, இடத்தைக் குறைத்தால் ஒப்புக்கொள்வாயா என்று கேட்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு என் நண்பர் இல்லை என்றார். இரண்டாவதை அவரிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'பஸ் நேரத்துக்கு வருமா?' என்றார்.

ஹாலந்துக்காரர்கள் பிறவிச் சைக்கிள்காரர்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அவர்களும் வேகமாகக் காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1971இல் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். 400 பேருக்கு மேல் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு இயக்கம் பிறந்தது. குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அதன் பெயர். 1973இன் எண்ணெய் நெருக்கடி அதற்கு உதவியாக வந்தது. இதில் நான் கவனிப்பது, அவர்கள் கார்க்காரனைப் பார்த்து சைக்கிளில் வா என்று சொல்லவில்லை. தெருவைத் திருப்பிக் கொடு என்றார்கள். ஒருவனுடைய நற்குணத்தை நம்பி வைக்கும் விண்ணப்பம் ஒன்று, தனக்குரியதைக் கேட்பது மற்றொன்று.

சென்னையில் யாருடைய சம்மதம் கேட்கப்படுகிறது என்று இப்போது பார்க்கலாம். கார்க்காரனை இணங்கவைக்க ஆன செலவு கொஞ்சமல்ல. 2015இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் குளிர்சாதனம், நகரும் படிகள், அறிவிப்புக் குரல். அதை நான் குறை சொல்லவில்லை. மெட்ரோ வந்தபின் நண்பரே சில நாட்கள் அதில் விமான நிலையம் போயிருக்கிறார். ஆனால் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதையை 2008இல் ஆரம்பித்து, கடைசி 500 மீட்டர் நிலத்துக்காகப் பதினைந்து வருஷங்களுக்கு மேல் தூண்களாகவே நிற்கவிட்டதும் இதே ஊர்தான். 1895இல் வந்த டிராம் 1953இல் நின்றபோது அதில் போய்க்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கூவம் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை யார் கேட்டார்கள்? நடந்துபோய் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு வேலை இருக்கும் இடம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. அவர்களை பஸ்ஸுக்கு மாற்றுவது எப்படி என்று கருத்தரங்கு நடக்கவில்லை. லாரியில் சாமான்களை ஏற்றி, கொண்டுபோய் இறக்கினார்கள். மறுநாள் காலை அவர்கள் பஸ் பயணிகளாக இருந்தார்கள்.

2021இல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. என் அனுபவத்தில் இந்த நகரத்தின் போக்குவரத்தில் நடந்த ஒரே தார்மிகச் செயல் அது. அடுத்த வருஷமே அமைச்சர் ஒருவர் மேடையில் அந்தப் பயணத்தை 'ஓசி' என்ற சொல்லால் குறிப்பிட்டார்; கண்டனம் எழுந்தது, அடங்கியது. சொல் அமைச்சருடையது மட்டும் அல்ல. பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கிறேன். ஸ்டாப்பில் கையைக் காட்டும் பெண்களைப் பார்த்தும் நிற்காமல் போகும் பஸ்ஸின் வேகத்தில்கூட அதைக் கேட்டிருக்கிறேன். என் தெருவில் இரு பக்கமும் கார்கள் நிற்கின்றன. நாளில் இருபது இருபத்திரண்டு மணி நேரம், வாடகை இல்லாமல், பொதுவிடத்தில். அதே தெருவில் அந்த அளவு இடத்தில் கீரை விற்கும் அம்மாளை மாதம் ஒரு தடவையாவது எழுப்பிவிடுகிறார்கள். நடைபாதை வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு சட்டமே இருந்தும். காரை யாரும் ஓசி என்று சொல்லிக் கேட்டதில்லை.

கார்க்காரனை எது இணங்கவைக்கும் என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதன் விளைவு, அவன் இணங்கும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்ற ஏற்பாடு. அவனுடைய சம்மதத்துக்காக ஊர் முழுவதும் காத்திருக்கிறது, ஸ்டாப்பில் நிற்பவர்கள் உட்பட. பஸ்ஸில் ஏறுகிறவர்களின் நேரத்தையும் மதிப்பையும் முன்னிட்டு பஸ்ஸைச் சரிசெய்தால் – அண்ணா சாலையில் அதற்கென்று ஒரு தடத்தை எடுத்துக்கொடுத்தால், ஸ்டாப்பிலேயே நிற்கவைத்தால், தாழ்ந்த படிகளோடு போதிய வண்டிகள் விட்டால் – கார்க்காரன் வரலாம், வராமலும் போகலாம். அது இரண்டாம்பட்சம். 2019இல் பாண்டி பஜாரில் சாலையைக் குறுக்கி நடைபாதையை அகலப்படுத்தினார்கள். மாலைகளில் அங்கே நிறையப் பேர் நடக்கிறார்கள், பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடப்பது என்று தீர்மானித்து வந்தவர்கள் மாதிரி யாரும் தெரியவில்லை.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001இல் சிறிய அளவில் தொடங்கிப் பிறகு விரிவடைந்தது. பள்ளி முடிந்ததும் பையன்கள் கேட்பது பைக். சைக்கிள் நம் ஊரில் ஒரு பருவம். தாண்டிப் போக வேண்டியது. தாண்டாமல் நின்றவர்கள் சைக்கிள்காரர்கள். டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் போர்வைகளை அடகுவைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். போஸ்டர் ஒட்டும் வேலை அதில்லாமல் கிடைக்காது. சென்னையிலும் அந்த மாதிரி ஓட்டுகிறவர்கள்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்: வாட்ச்மேன்கள், கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், இராத்திரியில் கேன் கட்டிக்கொண்டு டீ விற்பவர்கள்.

சென்ட்ரலுக்கு எதிரே அப்படி ஒருவரிடம் இரவு இரண்டு மணிக்கு டீ குடித்தேன். முதல் ரயிலுக்காகக் காத்திருந்த நேரம். புரசைவாக்கத்திலிருந்து ஆரம்பித்து விடியும்வரை சுற்றுவாராம், இருபது வருஷமாக. கையில் காசு சேர்ந்தால் என்ன வாங்குவீர்கள் என்று கேட்டேன். டி.வி.எஸ். எக்ஸ்.எல். என்றார், யோசிக்காமல். மிதிக்க முடியவில்லையா என்றதற்குச் சிரித்தார்.

'மிதிக்கிறதுல என்னா சார் இருக்கு. சைக்கிள்னா பின்னால வர்றவன் ஹாரன்கூட அடிக்க மாட்டேங்கிறான்.'